மூன்றாம் தொட்டியின் மூச்சு

வேதவதிக்குப் பொய் சொல்ல வராது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலருக்குப் பாட வராது, சிலருக்கு நீந்த வராது, அவளுக்கு இது வராது, அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் அவர்கள் வீதியில் ஏதாவது வழக்கு என்றால், "வேதா மாமியக் கேளுங்கோ, உள்ளது உள்ளபடி சொல்லிடுவா" என்பார்கள். அந்தப் பேரை அவளும் கூறைப் புடவையைப் போல மடிப்புக் கலையாமல் காப்பாற்றி வந்தாள்.

வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வேதியியலில் முதுகலை, படித்த காலத்தில் வகுப்பில் முதலாவதாக வந்தவள். கணவர் அழகியமணவாளன் கோயில் கோஷ்டியில் பிரபந்தம் சேவிக்கிறவர். பெருமாளுக்குச் செய்கிற கைங்கர்யத்தை வைத்துக்கொண்டு வீட்டில் உலை கொதிக்காது என்பது கல்யாணமான புதிதிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவள்தான் வேலைக்குப் போகிறாள். காலையில் ராஜகோபுரத்துக்கு எதிரே கம்பெனி வேனில் ஏறினால், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி, மண்ணச்சநல்லூர் வழியாகத் திருவெள்ளறைக்கு அப்பால் வயல்களுக்கு நடுவே இருக்கிற ஈஸ்ட் தொழிற்சாலையில் இறக்கிவிடும்.

ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட். நாம் பேக்கரியில் பன் வாங்கித் தின்கிறோம், அது ஏன் உப்பியிருக்கிறது என்று யோசிப்பதில்லை. அங்கே இரண்டு மாடி உயரத்துக்கு ஸ்டீல் தொட்டிகள் நிற்கின்றன. உள்ளே சர்க்கரை ஆலையிலிருந்து வருகிற மொலாசஸ் பாகையும் காற்றையும் கொடுத்து ஈஸ்ட்டை வளர்க்கிறார்கள். அது உயிருள்ள சரக்கு. ஆக்சிஜனை இழுத்து, கரியமில வாயுவை விட்டு, நம்மைப் போலவே மூச்சு விடும். பாகு அளவோடு கிடைத்தால் ஒழுங்காகப் பெருகும். மிதமிஞ்சிக் கிடைத்தால் வளர்கிற வேலையை விட்டுவிட்டுச் சாராயம் காய்ச்ச ஆரம்பித்துவிடும். இந்தக் குணமும் நம்மைப் போலத்தான்.

ஆகவே தொட்டி விடுகிற மூச்சை ஒரு நிமிஷமும் விடாமல் கவனிக்க வேண்டும். அதற்குத்தான் வேதவதியின் கண்ணாடி அறையில் பீரோ உயரத்துக்கு ஒரு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். ஆட்கள் அதற்கு வைத்த பெயர் மோப்ப மெஷின். ஒவ்வொரு தொட்டியின் தலையிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் வரும். மெஷின் அதில் ஒரு துளி காற்றை உறிஞ்சி, அதிலுள்ள ஒவ்வொரு வாயுவையும் எடை பார்த்துப் பிரிக்கும். முப்பத்திரண்டு எடையுள்ளது ஆக்சிஜன், நாற்பத்து நான்கு என்றால் கரியமில வாயு. எது எவ்வளவு என்று திரையில் கோடாக ஓடும். அந்த நாற்பத்து நான்கு குறைந்தால், தொட்டிக்குப் பசி என்று கம்ப்யூட்டர் பாகைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். மனுஷக் கை படாது. சாராய ஆவியையும் மோந்து சொல்லக்கூடிய மெஷின்தான் அது. அதற்குத் தனியாக ஒரு லைசென்ஸ் வாங்க வேண்டும் என்றதும் கம்பெனி கையை விரித்துவிட்டது.

மூன்றாம் தொட்டியடியில் நிற்கிற ஆபரேட்டர் பெரியண்ணன். திருவெள்ளறைக்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பதினொரு வருஷமாக கான்ட்ராக்ட். கோழி மேய்த்தாலும் கவர்மெண்டில் மேய்க்க வேண்டும் என்பார்கள். பெரியண்ணன் அவ்வளவு தூரம் ஆசைப்படவில்லை. மேய்க்கிற இடத்தில் பெர்மனெண்டாக மேய்த்தால் போதும் என்றிருந்தார். வருஷா வருஷம் பொங்கலுக்கு இரண்டு மூன்று பேரைப் பெர்மனெண்ட் செய்வார்கள். ஒவ்வொரு வருஷமும் அவர் பெயர் பட்டியலின் விளிம்பு வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகும். வேதவதிக்கு அவரைப் பிடிக்கும். பார்க்கிறபோதெல்லாம் "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்பார், அவளும் "நன்னா இருக்கேன்" என்பாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் இருவரும் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான்.

மேனேஜர் ஜகன்னாத் கே.கே. நகரிலிருந்து காரில் வருகிறவன். வேதவதியைவிடப் பதினைந்து வயது சின்னவன். சாதாரண நாளில் அவளை மேடம் என்பான். 'மாமி' என்று குழைந்தால் ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று பொருள்.

அந்த வருஷம் ஆடி மாசத்திலேயே மெஷினின் தராசைச் சரிபார்க்கிற காஸ் சிலிண்டர் தீர்ந்துபோயிற்று. துல்லியமாகக் கலந்த வாயு அடைத்த சிலிண்டர் அது. தினமும் ஒரு முறை மெஷின் அதை மோந்து, 'இதுதான் சரியான அளவு' என்று தன்னைத் திருத்திக்கொள்ளும். புது சிலிண்டர் வேண்டும் என்று வேதவதி கேட்டாள், நினைவூட்டினாள், நேரிலும் போய் நின்றாள்.

"மாமி, வெளியில இருக்கிற காத்தும் காத்துதானே? அதுல கரியமில வாயு எவ்வளவுன்னு ஊர் உலகத்துக்கே தெரியும். அதையே மோந்துக்கட்டுமே," என்றான் ஜகன்னாத்.

அவன் சொன்னது முழுத் தப்பும் இல்லை. அறையில் அவள் ஒருத்திதான் உட்கார்ந்திருக்கிறாள். காற்று சுத்தமாகத்தான் இருக்கும். தற்காலிகம்தானே என்று அவள் மெஷினை அறைக் காற்றுக்கு மாற்றி வைத்தாள். நம் ஊரில் தற்காலிகம் என்று வைத்த எதுதான் தானாக எழுந்து போயிருக்கிறது?

ஆயுத பூஜை வந்தது. வழக்கமாகக் கம்ப்ரெஸர் கொட்டகையில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பூஜை நடக்கும். அந்த வருஷம் ஜகன்னாத்துக்கு ஒரு யோசனை. முதலாளி சென்னையிலிருந்து வீடியோவில் பார்க்கப் போகிறார். கம்பெனியிலேயே விலை உயர்ந்த ஆயுதம் மோப்ப மெஷின்தான். பூஜையை அங்கேயே வைத்தால் எடுப்பாக இருக்கும். கண்ணாடி அறைக்குள் இருபது பேர் நெருக்கியடித்து நின்றார்கள். மெஷினுக்குப் பட்டையா நாமமா என்று ஒரு நிமிஷம் தடுமாறி, கடைசியில் சந்தனமும் குங்குமமும் என்று சமாதானமாயிற்று. சாமந்தி மாலை போட்டார்கள். பொரி, கடலை, சாம்பிராணி. ஏசி அறையாதலால் கதவைச் சாத்திக்கொண்டுதான் கற்பூரம் காட்டினார்கள். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த சமயத்தில் மெஷினுக்குள்ளே 'டக்' என்று வால்வு திரும்பியது. தினசரித் திருத்தத்துக்கான நேரம் அது. சாம்பிராணிப் புகையும் இருபது பேர் விட்ட மூச்சும் கலந்த காற்றை மெஷின் ஆழ உறிஞ்சி, 'இதுதான் சுத்தமான காற்று' என்று எழுதிக்கொண்டது. அதில் கரியமில வாயு இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. அன்றைக்கு முழுக்க அது காட்டப்போவதெல்லாம் உள்ளதில் பாதி.

கூட்டம் கலைந்த பிறகுதான் வேதவதி திரையைப் பார்த்தாள். ஓடிக்கொண்டிருந்த எல்லாத் தொட்டிகளிலும் நாற்பத்து நான்கு ஒரே நேரத்தில் பாதியாக விழுந்திருந்தது. ஆக்சிஜன் மட்டும் பழையபடியே. உள்ளே இழுக்கிற மூச்சு அப்படியே இருக்க, வெளியே விடுகிற மூச்சு மட்டும் பாதியாகுமா? அவளுக்குப் புரிந்துவிட்டது. மற்றத் தொட்டிகள் முடிகிற தறுவாயில் இருந்தன, அவற்றால் பாதகமில்லை. மூன்றாம் தொட்டி அன்றுதான் வளரத் தொடங்கியிருந்தது. அவள் கீபோர்டை நோக்கிக் கையை நீட்டினாள். அதன்மேல் ஒரு பூவும் குங்குமப் பொட்டும் இருந்தன.

"மாமி, என்ன பண்றீங்க?" என்றான் ஜகன்னாத் வாசலிலிருந்து. "ஆயுதம் வச்சாச்சு. நாளைக்குக் காலையில விஜயதசமி பூஜை பண்ணிட்டுத்தான் எடுக்கணும். உங்களுக்குத் தெரியாததா?"

"கோடு தப்பா ஓடறது. ஒரே நிமிஷம், திருத்திட்டு..."

"ஸ்ரீரங்கத்துலேர்ந்து வந்துட்டு நீங்களே இப்படிச் சொன்னா? முதலாளி வேற இன்னும் லைன்ல இருக்காரு."

வேதவதி கையை எடுத்துக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், ஜகன்னாத் சொன்னதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலிருந்தே சரஸ்வதி பூஜையன்று அடுக்கின புத்தகத்தைத் தொட்டால் படிப்பு வராது என்று கேட்டு வளர்ந்த கை அது. முதுகலைப் பட்டம் அந்தக் கைக்குள் போய்ச் சேரவில்லை. வேன் ஏறுவதற்கு முன் தொட்டியடிக்குப் போய், "பெரியண்ணன், மூணாம் நம்பரைக் கொஞ்சம் கவனிச்சுக்கோங்க," என்றாள்.

"ஆட்டோல ஓடுதுங்க மேடம். கை வச்சா மெமோன்னு போர்டே மாட்டியிருக்காங்களே," என்றார் அவர்.

"ஆமாம்," என்று சொல்லிவிட்டு அவள் வேனில் ஏறினாள்.

மறுநாள் காலையில் மூன்றாம் தொட்டி நுரைத்து வழிந்துகொண்டிருந்தது. பாதி மூச்சைப் பார்த்து, பசி பசி என்று கம்ப்யூட்டர் பாகை ஊற்றியிருக்கிறது. ஈஸ்ட் வளர்வதை நிறுத்திச் சாராயம் காய்ச்சிவிட்டது. வளாகம் முழுவதும் கள்ளுக்கடை வாடை. தொட்டியை அப்படியே சாக்கடைக்குத் திறந்துவிட்டார்கள்.

ஒரு தொட்டி சரக்கு போனது பெரிய விஷயமில்லை. அந்தச் சரக்குக்காகக் காத்திருந்தது சென்னையிலுள்ள ஒரு பெரிய ரொட்டிக் கம்பெனி. 'எங்கள் தொட்டிகளின் ஒவ்வொரு மூச்சையும் அந்தந்தக் கணமே மெஷின் பார்க்கிறது' என்று சொல்லித்தான் ஜகன்னாத் அந்த ஆர்டரைப் பிடித்திருந்தான். என்ன நடந்தது என்று விசாரிக்க அவர்களுடைய தரப் பிரிவிலிருந்து பெலிண்டா என்ற பெண் வருவதாகத் தகவல் வந்தது.

பெலிண்டா வருவதற்கு முந்தின நாள் ஜகன்னாத் வேதவதியைக் கூப்பிட்டான்.

"நாளைக்கு நீங்க ஒண்ணும் பேச வேண்டாம் மாமி. பெரியண்ணன்தான் கை வால்வைத் திறந்து பாகை ஊத்திட்டான். ஒத்துக்கிட்டு எழுதியும் குடுத்துட்டான்."

"அவர் கையே வைக்கலையே!"

"அவனே ஒத்துக்கிட்டான்ங்கறேன், உங்களுக்கு என்ன கஷ்டம்?"

வேதவதிக்கு ஆத்திரம் வந்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எழுதப் படிக்கத் தயங்குகிற மனுஷனை மிரட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறான் இந்தப் பாவி. பொங்கலுக்குப் பெர்மனெண்ட் ஆக வேண்டியவர். இந்தக் காகிதம் ஃபைலில் ஏறினால் இந்த ஜென்மத்தில் ஆகமாட்டார். அன்று அவள் பெரியண்ணனைத் தேடித் தொட்டியடிக்குப் போகவில்லை. போக வேண்டும் என்று தோன்றவே இல்லை. என்ன நடந்திருக்கும் என்பதுதான் தெரிந்த விஷயமாயிற்றே.

வீட்டுக்கு வந்து சொன்னாள். அழகியமணவாளன் திருமண்ணைக் கலைத்துக்கொண்டே கேட்டார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? சத்யத்தைச் சொல்லிடு வேதா. அந்த மனுஷனுக்குப் பெருமாள் அனுக்ரஹம் உன் மூலமாப் போகணும்னு இருக்கோ என்னவோ."

"என் வேலை போயிடுத்துன்னா?"

"போனாப் போறது. ரங்கநாதன் பட்டினியா போட்டுடுவான்?"

இதுவரை ரங்கநாதன் பட்டினி போடாததற்கு யார் தினமும் வேன் ஏறினார்கள் என்று அவள் கேட்கவில்லை. ஆனால் மனசு லேசாகிவிட்டது. வேலை போனாலும் போகட்டும், ஓர் ஏழையின் சோற்றைக் காப்பாற்றினோம் என்றிருக்கட்டும். சொல்லப்போனால் அந்த நினைப்பு அவளுக்குக் கொஞ்சம் இனிப்பாகவே இருந்தது.

மறுநாள் மீட்டிங்கில் பெலிண்டா லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜகன்னாத் பாடம் ஒப்பிப்பதைப் போலக் கதையைச் சொல்லி முடித்தான். பெரியண்ணன் கதவோரம் நின்றிருந்தார்.

"அவர் மேல தப்பில்லை," என்றாள் வேதவதி.

பெரியண்ணன் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், வேண்டாம் என்பதுபோல. பாவம், பயப்படுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சிலிண்டர் தீர்ந்தது, அறைக் காற்றுக்கு மாற்றியது, சாம்பிராணி, கற்பூரம், பாதியாக விழுந்த கோடு, தான் கையை எடுத்துக்கொண்டது வரை.

"அப்ப பூஜை பண்ணினதாலதான் நஷ்டம்ங்கறீங்க. வேதா மாமி வாயாலயா இதைக் கேக்கணும்?" என்று சிரித்துப் பார்த்தான் ஜகன்னாத். யாரும் சிரிக்கவில்லை.

பெலிண்டா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மேடம், சிலிண்டர் எப்ப தீர்ந்துச்சுன்னு சொன்னீங்க?"

"ஆடி மாசம்."

"அப்போ ஆடியிலேர்ந்து எங்களுக்கு அனுப்பின எந்த பேட்ச் டேட்டாவையும் நாங்க நம்ப முடியாது. கரெக்டா?"

வேதவதி இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்த பதிலைச் சொல்லாமல் இருக்க அவளுக்கு வராது.

"கரெக்ட்," என்றாள்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. ரொட்டிக் கம்பெனி ஆர்டரை நிறுத்தி வைத்தது. தொட்டிகள் இரண்டு மாசம் காலியாக நின்றன. தொட்டி காலியானால் முதலில் கான்ட்ராக்ட் ஆட்களைத்தான் நிறுத்துவார்கள். மொத்தமாக ஒரே நாளில் நிறுத்தினார்கள். அதில் பெரியண்ணனும் போனார்.

வேதவதியின் வேலை போகவில்லை. எப்படிப் போகும்? மெஷினைச் சரிசெய்து ரொட்டிக் கம்பெனியின் நம்பிக்கையை மீட்க அவளை விட்டால் ஆளில்லை. அத்தோடு, அந்த அம்மாளின் நேர்மை ஒன்றுதான் இந்தக் கம்பெனியில் நம்பத் தகுந்தது என்று பெலிண்டா எழுதிவிட்டாள். மாசக்கணக்கில் வராத சிலிண்டர் ஒரே வாரத்தில் வந்து இறங்கியது. ஆர்டர் திரும்பக் கிடைத்ததும் பொங்கல் விழாவில் முதலாளியே வந்து வேதவதிக்குச் சால்வை போர்த்தினார். ஜகன்னாத்தான் முன்னால் நின்று கைதட்டினான். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சொல்லவே வேண்டாம்.

புது ஏஜென்சி மூலம் புது ஆட்கள் வந்தார்கள். பழைய ஆட்களில் சிலரையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெரியண்ணனைக் கூப்பிடவில்லை. வேதவதி போய்க் கேட்டாள்.

"தப்பை ஒத்துக்கிட்டு எழுதிக் குடுத்த ஆளை எப்படி மேடம் எடுக்கறது? ஃபைல்ல இருக்குதே," என்றான் ஜகன்னாத்.

"அவர் பண்ணலைன்னுதான் எல்லார் முன்னாடியும் சொன்னேனே!"

"நீங்க சொன்னீங்க. அவன் சொல்லலையே."

பெரியண்ணன் இப்போது மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலையில் இருக்கிறார் என்று வேன் டிரைவர் சொன்னார். ஒரு சாயங்காலம் அவள் வேனை விட்டு அங்கே இறங்கினாள். கையில் கோயில் பிரசாதம் ஒரு பொட்டலம். ஆலை வாசலில் சொல்லி அனுப்பிவிட்டு நின்றாள். தலைத்துண்டை அவிழ்த்து, மேலெல்லாம் ஒட்டியிருந்த உமியைத் தட்டிக்கொண்டே பெரியண்ணன் வந்தார்.

"வாங்க மேடம். நல்லா இருக்கீங்களா?"

வழக்கமான பதிலை விட்டுவிட்டு அவள் நேரே விஷயத்துக்கு வந்தாள்.

"உங்களுக்காகத்தான் சொன்னேன் பெரியண்ணன். உங்களை மிரட்டிக் கையெழுத்து வாங்கிட்டான்னு..."

"மிரட்டலைங்க மேடம்," என்றார் அவர். குரலில் கோபம் இல்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "மேனேஜர் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரு. நீ ஒத்துக்க, பேருக்கு ஒரு மெமோ குடுக்கறேன், பொங்கலுக்கு உன்னையப் பெர்மனெண்ட் பண்ணிடறேன், வெளியில மூச்சு விடாதேன்னாரு. நான் ஒரு நாள் பூரா யோசிச்சு, வீட்டுல கலந்துக்கிட்டுத்தான் சம்மதிச்சேன்."



"அவன் வார்த்தையை நம்பினேளா? செஞ்சிருக்கவே மாட்டான்."

"செஞ்சிருக்கலாம், செய்யாமயும் போயிருக்கலாம். அது இனிமே தெரியவே போறதில்லைங்களே."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே பெரியண்ணன்..."

"நீங்க ஒரு வார்த்தை கேக்கலையேங்க மேடம். அன்னிக்கு உள்ள நின்னு தலையக்கூட ஆட்டினேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "பொய்யாவே இருக்கட்டும். அது என் பொய்ங்க. என் பேரு, என் வேலை. நடுவுல உங்களுக்கு என்ன?"

உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வேதவதி பொட்டலத்தை நீட்டினாள். "ரங்கநாதர் பிரசாதம்," என்றாள்.

பெரியண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெருமாள்மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.